மூட்டைக்குப் போன முதல் பக்கம்

அம்மான்
9 அக்டோபர் 1993

அன்புத் தங்கை பத்ரியாவுக்கு,

இரண்டு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்குக் கோபம், இருக்கட்டும். நான் பாக்தாதை விட்டு வந்த பிறகு மூன்று வாரம் உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் துருவினார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சண்டையை நேரில் பார்க்கும்போது போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. இப்போது தலை போகிற விஷயம் ஒன்று.

இதைக் கொண்டுவருபவர் அபூ ஷிஹாப். பாக்தாதுக்கும் அம்மானுக்கும் இடையே டாக்சி ஓட்டுகிறவர். தேநீர் பிளாஸ்கின் அடிமூடிக்குள் கடிதத்தைச் சுருட்டி வைப்பார். எல்லைச் சாவடிச் சிப்பாய்களுக்கு அந்தப் பிளாஸ்கிலிருந்தே தேநீர் ஊற்றிக் கொடுப்பாராம். நெஞ்சழுத்தக்காரர். தபாலில் மட்டும் எதையும் போட்டுவிடாதே.

நம் புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒருவர் சொன்னார், ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்பை நிறுத்திவிட்டார்கள் என்று. நிறுத்தினால் போகட்டும். பழைய பிரதிகளையும் ஒன்று விடாமல் திரும்பப் பெற்று, காகித ஆலைக்கு அனுப்பிக் கூழாக்க உத்தரவாம். பத்து வருடம் அந்த அட்டவணைகளைக் கூட்டிக் கூட்டிக் கண் கெட்டவன் நான். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு பிரதி நம் வீட்டில் இருக்கிறது, கிராமங்களின் பட்டியல் வந்த கடைசிப் பதிப்பு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கியது, எண் நாற்பத்தாறு. அலமாரியின் கால் உடைந்தபோது முட்டுக் கொடுத்தேனே, அதுதான்.

நீ அந்த அலுவலக நூலகத்திலேயே வேலை பார்க்கிறவள். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. ஓடிப்போனவன் வீட்டில் அந்தப் புத்தகத்தை அவர்களாகக் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. படித்ததும் இதைக் கொளுத்து.

முன்திர்


பாக்தாத்
2 நவம்பர் 1993

அண்ணா,

கொளுத்து என்கிறாய். தீப்பெட்டியையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம், இங்கே அது கிடைப்பதில்லை. அப்புறம், மூன்று வாரம் இல்லை, ஐந்து வாரம். நாட்டுக்கே கணக்குச் சரிபார்த்தவன் தங்கை கணக்கில் கோட்டை விடலாமா?

புத்தகத்தை நான் கொடுக்கப் போவதில்லை.

கய்ரியா சித்தி இப்போது நம் வீட்டில் இருக்கிறாள். தெற்கே சதுப்பு நிலத்தில் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். அவள் ஊர் கஸபிய்யாவில் நாணல் காய்ந்தது, எருமைகள் விழுந்தன, அதற்கப்புறம் லாரிகள் வந்தன. அந்தக் குழப்பத்தில் அவள் மகன் ஜப்பார் எங்கே போனான் என்று தெரியவில்லை. இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. சித்தி கட்டிய துணியோடு வந்து நம் கதவைத் தட்டினாள்.

ரேஷன் அட்டைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ஊரே கிடையாதும்மா. இல்லாத ஊர்க்காரிக்கு எப்படி மாவு குடுக்கறது?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கொடுத்த வரைபடம் அப்படி. வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்டாள், "ஏன்டி பத்ரியா, அப்ப நான் எங்கதான் பொறந்தேன்?"

அலமாரிக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினேன். தேடிப் படித்துக் காட்டினேன்: கஸபிய்யா, இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை எருமை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்த வரி மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் படி என்றாள். தினமும் ஒரு தரம் படிக்கச் சொல்கிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படிக்கிறேன். அரசாங்கம் தன் கையாலேயே அச்சிட்டு முத்திரை குத்திய சாட்சி அது. அதைத் தேடிப் பிடித்துக் கூழாக்குகிறார்கள் என்றால் ஏன் என்று உனக்கே புரியும்.

ஆபீஸில் நடப்பதையும் சொல்கிறேன். மாகாணங்களிலிருந்து பிரதிகள் மூட்டை மூட்டையாக நிலவறைக்கு வருகின்றன. புது இயக்குநர் ஷௌகத் மேசை போட்டு உட்கார்ந்து தானே எண்ணிப் பார்க்கிறார். அதிகம் பேச மாட்டார். அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பயம். முதல் சுமை கிளம்பும்போது லாரியில் ஏற்ற வந்த ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு பிரதியின் முதல் பக்கத்திலும் உச்சியில் பிஸ்மில்லாஹ் இருக்கிறது. அல்லாஹ் பெயர் இருக்கும் காகிதத்தை அரைக்கும் இயந்திரத்தில் எப்படிப் போடுவது? கிழிந்த குர்ஆன் ஏடுகளைப்போல அதைக் கபரஸ்தானில் அடக்கம் அல்லவா செய்ய வேண்டும்? இயக்குநருக்கு மேலிடத்துப் பயம் ஒரு பக்கம், அதற்கும் மேலே உள்ளவன் பயம் ஒரு பக்கம். கடைசியில் முதல் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தனி மூட்டையில் போட்டுப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். வெட்டுகிற வேலை என் தலையில். பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, வெட்டியவர் என்று நான் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும்.

பிரதி எண்ணும் முத்திரையும் அதே முதல் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது அண்ணா. நீ பயப்படுவதைவிட அதிகமாக.

பத்ரியா


அம்மான்
24 நவம்பர் 1993

பத்ரியா,

ஐந்து வாரம். திருத்திக்கொண்டேன்.

சித்தியிடம் காதோடு காதாகச் சொல்: ஜப்பார் உயிரோடு இருக்கிறான். என்னோடு இருக்கிறான். சந்தையில் முதலாளியின் தக்காளிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ "அண்ணே" என்றார்கள். திரும்பினால் எலும்பும் தோலுமாக நிற்கிறான். ஆட்டு வியாபாரிகளோடு பாலைவனம் வழியே வந்திருக்கிறான். தெருவில் பெரிய வண்டிச் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற தட்டைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒட்டிக்கொள்கிறான். வளர்ந்த ஆள், அவனை அப்படிப் பார்க்க முடியவில்லை.

அகதிகள் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி, நல்லவள், பொறுமையாகக் கேட்டாள். அவளிடம் உள்ள வரைபடத்திலும் கஸபிய்யா இல்லை. ஊர் ஊராகக் கதை சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் வருகிறார்கள், அந்த ஊர் இருந்தது என்பதற்கு அச்சடித்த காகிதம் ஏதாவது கொண்டு வாருங்கள் என்றாள். பிப்ரவரிக் கடைசிவரை தவணை. அதற்குள் முடியாவிட்டால் இங்கே தங்கும் அனுமதி போய்விடும். எல்லையில் இறக்கிவிடுவார்கள். அங்கே அவனுக்காக யார் காத்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

கொடுத்துவிடு என்று எழுதியவனும் நான்தான், இப்போது அந்தப் பக்கத்தைக் கேட்கிறவனும் நான்தான். ஜப்பார் எதிரே உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் போனபிறகு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. முடியாது என்று நீ சொன்னால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரை இழக்க எனக்குத் தெம்பு இல்லை.

முன்திர்


பாக்தாத்
18 டிசம்பர் 1993

அண்ணா,

பெட்டி வந்ததா? கிலேச்சாப் பலகாரங்களை உடனே எடுத்து வேறு பாத்திரத்தில் போடு. பெட்டிக்குள் விரித்திருக்கும் தாளையும், ஒவ்வொன்றையும் சுற்றியிருக்கும் தாளையும் எறிந்துவிடாதே. இப்போது இங்கே கடலை வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் பழைய ஆபீஸ் தாளில்தான் சுற்றித் தருகிறார்கள். எண்கள் அச்சடித்த தாளைப் பார்த்து எந்தச் சிப்பாயும் புருவம் தூக்க மாட்டான். ஒரே ஒரு பக்கத்தை அனுப்பினால் கண்ணில் படும், அதனால் புத்தகம் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறேன். சித்தி மாவைப் பிசைகிறாள், பேரீச்சம்பழத்தை நான் வைக்கிறேன். மகன் இருக்கிறான் என்று சொன்ன நாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. சந்தோஷத்தைக்கூட அக்கம்பக்கம் கேட்டுவிடும் என்று பயம். கஸபிய்யா உள்ள தாள் அடுத்த பெட்டியில் வரும்.

எப்படிச் செய்தேன் என்று கேட்பாய். நாற்பத்தாறாம் எண்ணின் முதல் பக்கத்தை வெட்டி முறைப்படி மூட்டையில் போட்டேன், பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். உள்தாள்களை வீட்டில் வைத்துக்கொண்டு, வெறும் அட்டைக்குள் அதே கனத்தில் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியைத் திணித்துத் தைத்துக் குவியலில் வைத்துவிட்டேன். அட்டைகளை எண்ணி ஏற்றுவார்கள், யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

இயக்குநர் பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் இல்லை, இடையிடையே ஒன்று. என்னுடையதை எடுத்தார். நடுவில் திறந்தார். டெலிபோன் எண்கள். நான் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். "அடுத்தது" என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததுதான் என்னைக் கொல்கிறது. காலையில் வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுகிறார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று புரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சித்தியைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு நான் முன்னால் போய் நிற்கிறேன்.

பத்ரியா


அம்மான்
12 ஜனவரி 1994

பத்ரியா,

இரண்டு பெட்டியும் வந்தன. தாள்களைச் சுடு பாத்திரத்தால் தேய்த்துச் சமன்படுத்தி வரிசையாக அடுக்குகிறேன். கோதுமை உற்பத்தி அட்டவணை முழுக்க எண்ணெய்க் கறை. அந்த வருடம் விளைச்சலே அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். கஸபிய்யாத் தாள் கையில் கிடைத்ததும் ஜப்பார் அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் நின்று படித்தான். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

ஆனால் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டோம். அந்தப் பெண் அதிகாரி தாளைப் பார்த்தாள், இருபுறமும் பார்த்தாள். இது எந்தப் புத்தகம், எந்த வருடம், யார் வெளியிட்டது என்று எங்கே இருக்கிறது என்றாள். அத்தனையும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறது. தலைப்பு, ஆண்டு, அரசாங்க முத்திரை எல்லாம். அது இல்லாமல் இது யார் வேண்டுமானாலும் அச்சடித்திருக்கக்கூடிய கணக்கு. நியாயமான கேள்வி, அவள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. புத்தகம் தயாரித்தவன் நான், புத்தகத்தோடு புழங்குகிறவள் நீ. இரண்டு பேருக்கும் உறைக்கவில்லையே.

மூட்டை பள்ளிவாசலுக்குப் போய்விட்டதா? போயிருந்தால் விட்டுவிடு. சத்தியமாகச் சொல்கிறேன், விட்டுவிடு. அந்த இயக்குநர் பார்த்த பார்வையைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையில் உன்னை இங்கே வரவழைக்க அபூ ஷிஹாபிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முன்திர்


பாக்தாத்
6 பிப்ரவரி 1994

அண்ணா,

பெட்டியின் அடியில், அட்டைக்கும் துணிக்கும் நடுவே பார். அங்கேதான் இருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டு எடு.

மூட்டை போன மாதமே பள்ளிவாசலுக்குப் போய்விட்டது, இயக்குநர் தானே அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார். கேட்பதா வேண்டாமா என்று நான்கைந்து நாள் பள்ளிவாசல் தெருவில் போவதும் வருவதுமாக இருந்தேன். எதிர்க் கடையில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தான். உண்மையிலேயே சும்மாதான் உட்கார்ந்திருந்தானோ என்னவோ, எனக்கு இப்போது யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. கடைசியில் மாலை அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் கலைந்ததும், பாங்கு சொல்லும் மோதினாரிடம் போனேன். ஜவாத் என்று பெயர், ஒரு கண் சரியாகத் தெரியாது. புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து வருகிறேன், அடக்கத்துக்குக் கொடுத்த மூட்டையில் ஒரு தாள் தவறிப் போய்விட்டது என்று இழுத்தேன்.

மூட்டையைக் கபரஸ்தானில் அடக்கம் செய்தாயிற்று, மண்ணுக்குள் போனதை எந்த அரசாங்கம் கேட்டாலும் தோண்ட மாட்டேன் என்றார். நான் திரும்பிவிட்டேன். அப்போது மெதுவாக, "நீங்க நூலகத்து அம்மாவா?" என்று கேட்டார். ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆமாம் என்றேன்.

உள்ளே போய் ஒரு உறையைக் கொண்டுவந்தார். "உங்க இயக்குநர் மூட்டையோட இதைத் தனியா குடுத்துட்டுப் போனாரு. தலை இல்லாத உடம்பை வெச்சுக்கிட்டு அந்தம்மா என்ன செய்யும், கண்டிப்பா தேடிக்கிட்டு வரும், வந்தா குடுத்துடுங்கன்னாரு. வரலைன்னா புதைச்சிடச் சொன்னாரு."

வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். முதல் பக்கம். பிஸ்மில்லாஹ், தலைப்பு, ஆண்டு, முத்திரை எல்லாம் இருக்கிறது. அந்த மனிதரைப் பார்த்து நான் இத்தனை நாள் நடுங்கினேன், அவர் என்னைப் பார்த்து எப்படி நடுங்கியிருப்பார் என்று நினைத்து அழுதேன். அப்புறம் முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்தேன். ஒன்று. முதல் பிரதி எப்போதும் இயக்குநர் மேசைக்குரியது. வேறு எந்தப் பிரதியிலிருந்தும் அவரால் எடுக்க முடிந்திருக்காது, எல்லாவற்றையும் எண்ணி மூட்டை கட்டியாகிவிட்டது. தன்னுடையதைத்தான் வெட்டியிருக்கிறார்.

அண்ணா, காட்டுவதற்கு முன்னால் அந்த எண்ணை வெட்டிவிடு.

பத்ரியா


அம்மான்
28 பிப்ரவரி 1994

பத்ரியா,

ஜப்பாரை ஏற்றுக்கொண்டார்கள். நேற்று காகிதம் கையில் வந்தது. இனி யாரும் அவனை எல்லைக்குக் கொண்டுபோக முடியாது. சித்திக்குச் சொல்.

எண்ணை வெட்ட முடியவில்லை. முத்திரையின் வளையம் அதன் மேலேயே விழுந்திருக்கிறது, எண்ணை எடுத்தால் பாதி முத்திரை போய்விடும். கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஜப்பார் அந்தப் பக்கம் வரவே இல்லை, தெரிந்துதான் வரவில்லை. கடைசியில் அப்படியே கொடுத்தேன். அந்த அதிகாரி பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிட்டாள், கோப்பை வெளியார் பார்க்க முடியாது என்றாள். நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது? ஆனாலும் எங்கோ ஒரு இழுப்பறையில் அவர் எண் இருக்கிறது, வைத்தவன் நான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வரி எழுது. அதற்காகக் காத்திருக்கிறேன்.

முன்திர்


பாக்தாத்
20 மார்ச் 1994

அண்ணா,

நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியாது. போன வாரம் இயக்குநர் அறையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஷௌகத்துக்கு வடக்கே மாற்றல் என்றார்கள். எந்த ஊருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய கண்ணாடி மேசை மேலேயே இருந்தது. மாற்றலாகிப் போகிறவன் கண்ணாடியை விட்டுவிட்டா போவான்? உன் தாளால்தான் என்று நினைத்துக்கொண்டு சாகாதே. வேறு எதற்காகவும் இருக்கலாம். இங்கே காரணம் சொல்லிக்கொண்டா கூட்டிப் போகிறார்கள்?

நேற்று புதியவர் என்னைக் கூப்பிட்டார். பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். எல்லா எண்ணுக்கும் எதிரே என் கையெழுத்து இருக்கிறது, முதல் எண்ணுக்கு எதிரே மட்டும் வெறுமை. "ஒண்ணாம் நம்பரை யாரு வெட்டினது?" என்றார். அந்தப் பக்கம் மூட்டைக்குள் போகவில்லை என்று ஆகிவிட்டால், அதைக் கொண்டுபோனவர் ஷௌகத் என்று ஆகிவிடும். அவர் எங்கே இருந்தாலும் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"நான்தான் வெட்டினேன் சார். மூட்டையிலயும் நான்தான் போட்டேன். கையெழுத்துப் போட மறந்துட்டேன்" என்றேன்.

பேனாவை நீட்டினார். போட்டேன். மூட்டை மண்ணுக்குள் இருக்கிறது, அதைத் தோண்ட மாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கைதான். தோண்டினால் ஒன்று குறையும்.

இதோடு வரும் பெட்டியில் எண்பதாம் பக்கம் வரை இருக்கிறது. கடைசிப் பிற்சேர்க்கை மட்டும் பாக்கி, அடுத்த வாரம் அனுப்புகிறேன். நான் வரவில்லை அண்ணா. சித்திக்குப் பயணம் செய்யக் காகிதம் கிடையாது, அவளை விட்டுவிட்டு வர மாட்டேன். நீ அனுப்பிய சேதியைச் சொன்னேன். ஜப்பாருக்கு என்று தனியாக நான்கு கிலேச்சா செய்து, ஓரத்தை அவளே மடித்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் கேள். பெட்டி வந்து அதோடு கடிதம் வராவிட்டால், என்னைத் தேடி எதுவும் எழுதாதே. யாரையும் அனுப்பாதே.

பத்ரியா


அம்மான்
9 ஏப்ரல் 1994

பத்ரியா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், அனுப்பப் போவதில்லை. இது புத்தகத்துக்குள்தான் இருக்கும்.

நேற்று பெட்டி வந்தது. பிளாஸ்கின் அடியைத் திறந்து நானே பார்த்தேன், ஒன்றும் இல்லை. பாக்தாத் டாக்சி நிலையத்தில் ஒரு வயதான அம்மா தனியாக வந்து கொடுத்தாள் என்றார் அபூ ஷிஹாப். "பத்ரியா எங்கன்னு கேட்டேன். அந்தம்மா பெட்டியைக் கையில வெச்சுட்டுப் போயிட்டாங்க."

கிலேச்சாவைச் சுற்றி வந்த தாள்கள் கடைசிப் பிற்சேர்க்கை. ஒரு பக்கம் குறையவில்லை. வரிசை மாறாமல் சுற்றியிருக்கிறது; உன் கை சுற்றியதா, எழுத்துத் தெரியாத சித்தி நீ அடுக்கி வைத்ததை அப்படியே எடுத்துச் சுற்றினாளா என்று தெரியவில்லை. ஜப்பார் கிலேச்சா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இன்று தைத்து முடித்தேன். இயக்குநரின் முதல் பக்கத்தை அதில் வைக்கவில்லை. அது அவருடையது, தனியே உறையில் இருக்கிறது, ஒரு நாள் கேட்டு வருவார். நமக்கு ஒரு முதல் பக்கத்தை நானே கையால் எழுதினேன். உச்சியில் பிஸ்மில்லாஹ். தலைப்பு, ஆண்டு. கீழே, வழக்கமாக எழுதுகிற இடத்தில்:

பிரதி எண் நாற்பத்தாறு. காத்தவர் பத்ரியா. திருப்பிக் கொடுக்கவில்லை.

முன்திர்